கோட்டு சூட்டுப் படங்களை எடுத்துவிட்டுக் கடை நேரத்தைப் போடுங்கள்

கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், சுமாராக என்ன செலவாகும்? இந்த நான்கையும் சொல்லாத ஓர் இணையதளத்தைக் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்க எப்படித்தான் மனம் வருகிறது? சென்னையில் சிறு கடைக்காரர்களின் தலையில் கட்டப்படும் முதல் இணையதளங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

கோடைக்காலத்துக் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, மொட்டை மாடித் தொட்டி காய்ந்து கிடக்கிறது. மோட்டார் சத்தம் மட்டும் போடுகிறது, சுற்றவில்லை. வேலைக்குப் போக வேண்டியவர்கள் துண்டும் கையுமாக நிற்கிறார்கள். ஒருவர் செல்போனை எடுத்து மோட்டார் ரிப்பேர் கடையைத் தேடுகிறார். பக்கம் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது. முதலில் கோட்டு சூட்டு போட்ட வெளிநாட்டுக்காரர்கள் இருவர் கைகுலுக்குகிறார்கள். அந்தப் படம் நகர்ந்தால் கண்ணாடிக் கட்டடம். அதுவும் நகர்ந்தால் ஹெட்போன் மாட்டிய பெண். கீழே போனால் 'தரமே எங்கள் உயிர்மூச்சு'. அதற்கும் கீழே 'எங்கள் சேவைகள்' என்ற தலைப்பில், டெம்ப்ளேட்டோடு வந்த 'லோரம் இப்சம்' என்ற அர்த்தமற்ற லத்தீன் வரிகள். அவற்றை அழிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. போன் நம்பர் எங்கே? கடைசியில், விசிட்டிங் கார்டை அப்படியே படமெடுத்து ஒட்டிய ஒரு மூலையில். அதைத் தொட்டால் அழைப்பு போகாது. அந்த மனிதர் பத்து இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டா டயல் செய்வார்? அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இது என் சித்தப்பாவின் கடை. அம்பத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிறார், அதாவது மோட்டாருக்குள் கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிறார். வார்னிஷ் வாடை சட்டையை விட்டுப் போகாத மனிதர். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே காயில் கருகியதா, வேறு கோளாறா என்று சொல்லிவிடுவார். அவர் வேலைக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? "சித்தப்பா, இதைப் பார்த்துவிட்டா மீதிப் பணத்தைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "நான் என்னப்பா கண்டேன்? படித்த பிள்ளைகள், சரியாகத்தான் செய்திருப்பார்கள்" என்றார். இந்த நம்பிக்கையைத்தான் தின்று தீர்க்கிறார்கள்.

தளம் செய்தவர்கள் ஒரே ஒரு நாள் கடையில் வந்து உட்கார்ந்திருக்கலாம். போனில் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்திருக்கலாம். ஒரு எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு? செம்புக் கம்பியா, அலுமினியமா? இன்று கொடுத்தால் எப்போது கிடைக்கும்? வீட்டுக்கு வந்து கழற்றிப் போவீர்களா? ஞாயிற்றுக்கிழமை உண்டா? முகப்புப் பக்கத்தில் வர வேண்டியது இவைதான், இதே வார்த்தைகளில். சுற்றாமல் சத்தம் மட்டும் போட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள், பல நேரம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் என்ற சிறு பாகம்தான் போயிருக்கும், காயில் கட்ட வேண்டியே இருக்காது என்பதைச் சித்தப்பா போனிலேயே இலவசமாகச் சொல்லி அனுப்புகிறார். அந்த ஒரு பத்தியைத் தளத்தில் போட்டால், படித்தவர் அடுத்த முறை வேறு யாரைத் தேடப்போகிறார்? எழுதத் தெரியாதென்றால் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்று ஓர் அறிவுரை வேறு கொடுத்திருக்கிறார்கள். போட்டிக் கடைக்காரனுக்கு விலை ஏற்கனவே தெரியும். தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டும்தான். துல்லியமாக வேண்டாம், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றாவது போடுங்கள்.

தமிழை நடத்திய விதம் இன்னும் மோசம். விசிட்டிங் கார்டு அச்சடித்த இடத்திலிருந்து பாமினி எழுத்துருவில் தட்டிய வரிகளை வாங்கி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாமினியில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் கிறுக்கல் தெரியும், தமிழில் தேடுகிறவருக்குக் கடை அகப்படவே அகப்படாது. எல்லாக் கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி தெரிய வைக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் 1991 முதல் தமிழ் இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசே அதை ஏற்றுக்கொண்டது. அம்பத்தூர்க் கடைக்கு அது இன்னுமா வந்து சேரவில்லை?

முகவரியைப் பாருங்கள். பழைய எண், புதிய எண் என்று ஒரே வாசலுக்கு இரண்டு கதவிலக்கம் உள்ள ஊர் இது. பழையதை மட்டும் போட்டுவிட்டால் வருகிறவர் தெருவை அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான். மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட வேலைக்காக நகரம் முழுக்கத் தோண்டி, எத்தனையோ சாலைகளைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 'பஸ் நிறுத்தம் எதிரில்' என்று எழுதினால், நிறுத்தம் இன்றும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இரண்டு எண்ணையும் போட்டு, கூகுள் மேப்பில் சரியான வாசலைக் குறித்து, அந்த இணைப்பைக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை?

எதுவுமே பெரிய வேலை இல்லை, அதுதான் ஆத்திரம். நம்பரைத் தொட்டதும் அழைப்பு போக ஒரே ஒரு வரி நிரல் போதும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. இருக்கும். அதை இருநூறு கே.பி.க்குள் சுருக்கினால் செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது, பக்கம் சட்டென்று திறக்கும். குரோமில் இந்தத் தளத்தைத் திறந்தால் முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத எல்லாத் தளத்துக்கும் குரோம் 2018 ஜூலை முதல் அப்படித்தான் காட்டுகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக்கூடப் போடாமல் 'பராமரிப்புக் கட்டணம்' என்று வருடா வருடம் வாங்குகிறார்கள். எதைப் பராமரித்தார்கள்?

தொடர்புப் படிவத்தை நானே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு எதுவும் வரவில்லை. தோண்டித் துருவிக் கேட்டபோது, அது தளம் செய்தவர்களின் மின்னஞ்சலுக்குப் போவதாகச் சொன்னார்கள். அந்தப் பெட்டியை அங்கே யாரும் திறப்பதில்லையாம். எத்தனை பேர் பெயரும் நம்பரும் எழுதிவிட்டு, இந்த மனிதர் பதில்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பார்கள்! பெயர் கெட்டது யாருக்கு?

எல்லாவற்றையும் நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று இறங்கினால், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அது பதிவு செய்தவரின் கணக்கில்தான் கிடைக்கும். கேட்டால், "அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டுங்கள், பிறகு பேசலாம்" என்கிறார்கள். பெயர்ப் பலகை எழுத வந்தவர் கடையையே தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்வாரா? அந்தப் பெயர் என் சித்தப்பா வெயிலிலும் வார்னிஷ் புகையிலும் சம்பாதித்தது. புதிதாகத் தளம் செய்யக் கொடுத்திருப்பவர்கள், மீதிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் டொமைன் யார் பெயரில், யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சித்தப்பாவின் தளத்தைச் செய்தவர்களே, எங்களுக்கு அந்தக் குறியீடு வேண்டும். பணம் முழுவதும் வாங்கியாகிவிட்டது, அனுப்பி வையுங்கள்.