சோதினை முடிஞ்ச பிறகுதான் காசு வேணும்

வன்னியில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் காசு அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனி அனுப்ப நினைப்பவர்களும் வாசியுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013ஆம் ஆண்டு லண்டனில் நாங்கள் ஆறு நண்பர்கள் சேர்ந்து, ஒரு அமைப்பின் ஊடாக, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பொறுப்பெடுத்தோம். அப்போது அவளுக்கு ஆறாம் வகுப்பு. தாய் 2009 மார்ச்சில் ஷெல் விழுந்து போய்விட்டார். தகப்பன் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இல்லை என்றால் செத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. வளர்த்தது அப்பம்மா. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிய மனுசி.

அந்த அமைப்பின் படிவத்தில் தாய் தகப்பன் இரண்டு பேருடைய மரணச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள். தாயுடையது இருந்தது. மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அப்பம்மா சம்மதிக்கவே இல்லை. "நானே அவனைச் சாகக் குடுக்கவோ" என்று கேட்டாராம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, நடக்க ஏலாத காலோடு அவரும் பஸ் ஏறிப் போய் இருந்தவர். அப்படி ஒரு தாயிடம் போய் அந்தக் கடதாசியைக் கேட்பது என்ன நியாயம்? கடைசியில் கிராம சேவையாளரின் கடிதத்தோடு சமாளித்தோம். மரணச் சான்றிதழ் இல்லாததால் எத்தனை பிள்ளைகள் இப்படிப் பட்டியலுக்குள்ளேயே வராமல் போயிருப்பார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம்.

இலங்கையில் படிப்பு இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 1945இலிருந்து இலவசக் கல்வி. பாடப்புத்தகம் தருகிறார்கள், சீருடைத் துணி தருகிறார்கள். ஆனால் சைக்கிளுக்கு ரயர் தரமாட்டார்கள். கொப்பி, சப்பாத்து, ரியூசன், காலையில் ஒரு நேரச் சாப்பாடு எல்லாம் வீட்டுப் பொறுப்பு, அந்த வீட்டில் உழைக்கிற ஆள் இல்லை. அந்த ஏழு எட்டு வருடமும் எங்கள் காசு ஒழுங்காகப் போனது, அவளும் ஒழுங்காகப் படித்தாள். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

2020 ஒக்டோபரில், பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான உயர்தரப் பரீட்சை எழுதினாள். வர்த்தகப் பிரிவு. பரீட்சை முடிந்த மாதத்தோடு அமைப்பு காசை நிறுத்தியது. திட்டம் அப்படித்தான், உயர்தரம் வரை அல்லது 18 வயது வரை. எங்களுக்கும் ஒரு நன்றிக் கடிதம் வந்தது, அவளுடைய படத்தோடு. அந்தப் படத்தை இதே முகநூலில் போட்டு "ஒரு பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டோம்" என்று எழுதியவன் நான். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். அந்தப் பதிவை இப்போது அழித்துவிட்டேன், ஏனென்றால் அது உண்மையில்லை.

பெறுபேறு வந்தது 2021 மே மாதத்தில். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி வந்து, மாவட்ட ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, கம்பஸ் தொடங்கும்போது 2022 ஆகிவிட்டது. கொரோனாவால் அந்த முறை கூடவே இழுபட்டது, ஆனால் கொரோனாவுக்கு முன்பும் இந்தக் காத்திருப்பு ஒரு வருடத்துக்குக் குறைந்ததில்லை. அந்தக் காலம் முழுக்க அவள் மாணவியும் இல்லை, உழைக்கிற ஆளும் இல்லை. அப்பம்மா விழுந்து இடுப்பு முறிந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நுண்கடன் எடுத்திருக்கிறார்கள். கிழமை தப்பாமல் வாசலில் வந்து நிற்பார்களே, அந்தக் கடன். அதை அடைக்க ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். விடிய 5 மணிக்குப் பஸ் வரும், திரும்பி வர இருட்டிவிடும். கம்பஸ் பதிவுக்கான கடிதம் வந்தபோது, போவதா, சம்பளத்தை விடாமல் இருப்பதா என்று யோசித்துக்கொண்டு மூன்று நாள் கடிதத்தை அலமாரிக்குள் வைத்திருந்தாளாம். பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பழைய ஆசிரியை ஒருவர் தற்செயலாக எங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்கும் அந்தப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஏழு வருடம் காசு கட்டிய எங்களில் ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும் அவளிடம் இல்லை. எல்லாம் அமைப்பின் ஊடாகத்தானே.

சரி, கம்பஸ் போய்விட்டாள், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். 2022 எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குத் தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குக் கிட்டப் போனது. எரிபொருள் இல்லாமல் விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. மடிகணினி இல்லாத பிள்ளை, கையடக்கத் தொலைபேசியில் டேட்டா கார்ட் போட்டுப் போட்டு முதல் வருடம் படித்தாள். அரசின் மகாபொல உதவித்தொகை கிடைத்தது, ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆனது. வந்தாலும் மாதம் 5,000 ரூபாய். பல வருடமாக அதே தொகைதான், 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். தெற்கில், சிங்களம் தெரியாத ஊரில், இரண்டாம் வருடத்திலிருந்து விடுதி இல்லாமல் அறை எடுத்து இருக்கிற பிள்ளைக்கு அது அறை வாடகைக்கே காணாது. வீட்டிலிருந்து அனுப்ப ஆள் இருக்கிற பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள். இவளுக்கு வீடு என்றால் படுக்கையில் கிடக்கிற அப்பம்மா.

அவளாவது ஒரு வீட்டில் வளர்ந்தவள். சிறுவர் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 18 வயதோடு இல்லத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். உயர்தரம் எழுதுகிற வயதும் கிட்டத்தட்ட அதுதான். படுக்க இடம், சாப்பாடு, உதவிக் காசு எல்லாம் ஒரே வருடத்தில் நின்றுபோனால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பொடியன்கள் என்றால் கட்டட வேலை, பெட்டைப் பிள்ளைகள் என்றால் அவசரக் கலியாணம். இத்தனை வருடம் படிப்பித்துவிட்டு அங்கே கொண்டுபோய் விடுகிறோம்.

கம்பஸ் போகாத பிள்ளைகளுக்கும் இதே கதைதான். முதல் தரம் புள்ளி காணாமல் இரண்டாம் தரம் எழுத நினைக்கிற பிள்ளையை "பெயில் விட்டிட்டான்" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் தரத்தில் வென்று மருத்துவபீடம் போனவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று நல்ல கைத்தொழில் படிக்கலாம். அங்கே போகிற பிள்ளைக்கும் பஸ் காசும் சாப்பாடும் வேணும்தானே. ஆனால் கம்பஸ் பிள்ளையின் படத்தைப் போட்டுக் காசு சேர்க்கிற மாதிரி, வெல்டிங் படிக்கிற பொடியனின் படத்தைப் போட்டு யாரும் சேர்ப்பதில்லை.

இதை நண்பர்களிடம் சொன்னால் ஒரு கேள்வி வரும்: பெரிய பிள்ளைக்கே 24 வயது வரை கொடுத்துக்கொண்டிருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பது? நியாயமான கேள்வி. என் கருத்து, பத்துப் பிள்ளையைப் பொறுப்பெடுத்து நடுவழியில் விடுவதைவிட நாலு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள், வேலையில் ஏறும் வரை நில்லுங்கள். புத்தகப்பை கொடுக்க ஆள் இருக்கிறது. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் பதாகை கட்டிக் கொப்பி கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது நல்லதுதான். 19 வயதுப் பிள்ளையின் அறை வாடகைக்குத்தான் ஒருவரும் வருவதில்லை. 2009 மே மாதம் பங்கருக்குள் பிறந்த குழந்தைக்கு 2027இல் 18 வயது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது போகிற உதவி, எங்களுடையது நின்ற அதே இடத்தில் நிற்கப்போகிறது.

அதனால் உங்கள் அமைப்பிடம் இன்றைக்கே கேளுங்கள், உயர்தரத்துக்குப் பிறகு என்ன திட்டம் என்று. ஒன்றுமில்லை என்றால், அனுப்புகிற காசில் கொஞ்சத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கிப் புத்தகத்தில் போடச் சொல்லுங்கள், அந்த இடைப்பட்ட காலத்துக்கு உதவும். நன்றிக் கடிதமும் மேடையில் நிற்கவைத்துப் படமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அமைப்பின் சம்மதத்தோடு, பிள்ளை அவசரத்துக்கு எடுக்க ஒரு இலக்கம் இருக்கட்டும்.

இப்போது அவளுக்குக் கடைசி வருடம். போன கிழமை தொலைபேசி எடுத்தாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. சித்தியின் மகன் உயர்தரம் எழுதப்போகிறானாம், அவனுக்குத் தகப்பன் இல்லை. ஏதாவது அனுப்பவா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம் மாமா, இப்ப ஒரு அமைப்புக் குடுக்குது. சோதினை முடிஞ்ச பிறகுதான் அவனுக்குக் காசு வேணும், அப்ப நான் எடுக்கிறன்" என்றாள்.

அவனுக்குக் கொடுக்க எங்கள் ஆறு பேரில் நாலு பேர் சம்மதித்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும்.