திமிங்கல வாந்தியில்தான் சென்ட் தயாரிக்கிறார்களா?

‘விலை உயர்ந்த சென்ட் எல்லாமே திமிங்கல வாந்திதான்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

‘திமிங்கல வாந்தி’ என்று சொல்லப்படும் மணப்பொருளான அம்பர்கிரிஸ் உருவாவது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில். விழுங்கிய கணவாய் மீனின் செரிக்காத அலகுகளைச் சுற்றி மெழுகுபோல் திரள்கிறது. பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். (வாந்தியே தேவலாம் என்று தோன்றுகிறதா?) புதிதாக வந்தது கறுத்து, சாணிபோல் நாறும். பல ஆண்டுகள் உப்புநீரிலும் வெயிலிலும் கிடந்து வெளுத்த பிறகே இனிய மணம் பிறக்கிறது.

இன்றைய சென்ட்களில் அம்பர்கிரிஸ் மணம் தருவது பெரும்பாலும் அம்பிராக்சான் என்ற செயற்கை வேதிப்பொருள். கிளாரி சேஜ் என்ற செடியில் உள்ள ஸ்கிளாரியால் என்ற பொருளிலிருந்து அதைத் தயாரிக்கலாம். கடற்கரையில் அம்பர்கிரிஸ் கிடைத்தால் லாட்டரி என நினைத்துவிடாதீர்கள்: 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை விற்பது குற்றம்.