பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போனைப் பற்றிப் பேசுங்கள்

சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டீர்கள். "பிள்ளைகள் ஓடியாடாததற்கு நீங்கள் கொடுக்கிற போன்தான் காரணம்" என்று பள்ளித் தரப்பில் மேடையில் சொன்னதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. டைம்டேபிளில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருக்கிறது. ஒன்று கணக்குக்குப் போகிறது, இன்னொன்றில் அறிவியல் டெஸ்ட். மைதானத்தில் பாதி இடம் ஸ்கூல் வேன்களுக்கு. வீட்டுப்பாடம் வருவதோ வாட்ஸ்அப்பில். போனை எடுக்க வைப்பதும் பள்ளி, மைதானத்தைப் பூட்டுவதும் பள்ளி, திட்டு மட்டும் எங்களுக்கா?

போன் நல்லது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. ராத்திரி ரீல்ஸ் தூக்கத்தைக் கெடுக்கிறது, எங்கள் வீட்டிலும் அதற்குச் சண்டை நடக்கிறது. ஆனால் போனைப் பிடுங்கினால் பிள்ளை தானாக ஓடிவிடுமா? எங்கே ஓடும்? எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார். போனை வாங்கி வைத்த நாட்களில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கோடை விடுமுறைக்கு உசிலம்பட்டிப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போனபோது அதே போன் கையில்தான் இருந்தது, ஆனால் களமும் சித்தி பிள்ளைகளும் இருந்ததால் இருட்டும்வரை கோ-கோ ஆடிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

என் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. 2001க்கும் 2016க்கும் நடுவில் ஸ்மார்ட்போன் வந்து உலகமே மாறியது, இந்தக் கணக்கோ பெரிதாக மாறவே இல்லை. போன் வருவதற்கு முன்பே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டோம் என்றுதான் எனக்குப் புரிகிறது.

பத்தாம் வகுப்பு மார்க் என்ன ஆகும் என்பவர்களுக்கு: வாரம் இரண்டு பீரியடில் போய்விடும் மார்க் எப்படியும் போய்விடும். கணக்குக்கும் அறிவியலுக்கும் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலினே 2024 குழந்தைகள் தின விழாவில் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. வேன் நிறுத்த இல்லை.

மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்வில் அந்த 60 நிமிடத்தை எட்டாதவர்கள் பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கும் போனா காரணம்? வயசுக்கு வந்ததும் "இன்னும் என்ன கிரவுண்டு?" என்று கேட்டது எந்த ஆப்? நாப்கின் மாற்ற ஒழுங்கான கழிப்பறை இல்லாமல் என் மகள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும் போனைக் காட்டுவீர்களா?

"வேலைக்குப் போகிற அம்மாக்கள் போனைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்" என்று அதே மேடையில் சொன்னார்களே, அதுதான் என்னைக் குத்தியது. காலையில் எழுந்து மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு பஸ் பிடிக்கிறவள் நான். அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்: இரண்டு பீரியடும் வேண்டும், வேன்கள் வெளியே நிற்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.