பாதி ஏற்றத்தில் நின்றால் பிரேக் போச்சு என்று அர்த்தமில்லை

"ரோலர் கோஸ்டர் ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது, பிரேக் போய்விட்டது, அதை மறைக்கத்தான் ரைடை மூடினார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். விஷயம் நேர்மாறு.

தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். நிலையத்தில் யாரோ பெல்ட் மாட்டத் திணறி முன் ரயில் தாமதமானாலே போதும், பின்னால் வருவதைக் கணினி ஏற்றத்திலேயே நிறுத்திவிடும். ஏறும்போது கேட்குமே 'டக் டக் டக்', அது ரயிலுக்கு அடியிலுள்ள கொக்கி, தண்டவாளத்திலுள்ள பற்களில் விழும் சத்தம். ரயிலை மேலே இழுக்கும் சங்கிலி நின்றாலும் அந்தக் கொக்கி பின்னால் சரியவிடாது.

பிரேக்கும் அப்படித்தான். பெரும்பாலான கவ்வு பிரேக்குகளில் காற்றழுத்தம் வேண்டியிருப்பது திறப்பதற்கு. காற்று போனால் தானாகவே இறுகிக்கொள்ளும்.

நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரம் இருந்த கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டரில் (2024-ல் மூடப்பட்டது), வேகம் போதாத ரயில் உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி இறங்கிவிட்டதுண்டு. ரயிலை வேகமெடுக்க வைக்கும் ஏவுபாதையிலிருந்த காந்த பிரேக் அதைப் பிடித்து நிறுத்தியது. அதையும் கணக்கில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

திட்டுவதென்றால், கூட்ட நாளிலும் ஒரே ரயிலை ஓட்டி வரிசையை நீளவிடுவதைத் திட்டுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.