இல்லாமையில் பிறந்த கார்கள்

உலகின் சிறந்த கார்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஃபெராரி, ரோல்ஸ் ராய்ஸ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பணம், இரும்பு, பெட்ரோல் எல்லாம் தாராளமாகக் கிடைத்தால் பெரிய கார் செய்துவிடலாம். அவை கிடைக்காதபோது என்ன செய்தார்கள் என்பதில்தான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் சிட்ரோயன் 2சிவி. விவசாயிகளுக்கான கார் வேண்டும் என்று 1930களில் நிறுவனத்தை நடத்திய பியர் பூலான்ஜே சொன்னார். 50 கிலோ உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஸ்பிரிங் வழியாக இணைத்தார்கள். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதே பின் சக்கரம் அதற்குத் தயாராகிவிடும். என்ன அருமையான யோசனை! நடுவில் போர் வந்தது. ஜெர்மானியர் கையில் சிக்காமலிருக்க மாதிரி வண்டிகளை ஒளித்துவைத்தார்கள். 1948 பாரிஸ் கண்காட்சியில் துணிக் கூரை போட்ட அந்த வண்டியைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். என்ஜின் 375 சிசி, வெறும் 9 குதிரைத் திறன். ஆனால் அதை வாங்க மக்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990 வரை தயாரிப்பு நிற்கவில்லை.

பிரிட்டனின் மினி, எண்ணெய்க் கப்பல்கள் வரும் சூயஸ் கால்வாய் அடைபட்ட 1956 நெருக்கடி கொடுத்த பரிசு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பிறந்த அந்தக் காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். மூன்று மீட்டர் நீளத்தில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். மினி வெளிவந்த அதே 1959-இல் அமெரிக்காவில் காடிலாக், ராக்கெட் மாதிரி வாலோடு ஐந்தே முக்கால் மீட்டர் நீளத்தில் வந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாலுக்கு வாரிசே இல்லை.

தட்டுப்பாடு மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் காருக்கு இரும்புத் தகடு போதாமல், பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து உடல் செய்தார்கள். அது உண்மையிலேயே புத்திசாலித்தனம். ஆனால் போட்டிக்கு ஆளில்லை. 1964-இல் வந்த 601 மாடல் பெரிய மாற்றமில்லாமல், அதே புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக் என்ஜினோடு 1990 வரை வந்துகொண்டிருந்தது.

சரி, சட்டமே கட்டுப்பாடு வைத்தால்? 1970-இல் அமெரிக்கா புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தபோது, இவ்வளவு சீக்கிரம் முடியாது என்று டெட்ராய்ட் நகரத்து அமெரிக்கக் கார் நிறுவனங்கள் அடம்பிடித்தன. ஜப்பானின் ஹோண்டா சிவிக், சிவிசிசி என்ற தன் புது வகை என்ஜினோடு, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கூட இல்லாமல் அந்த வரம்புக்குள் வந்து காட்டியது.

இன்று பல மின்சாரக் கார்களே இரண்டு டன்னைத் தாண்டுகின்றன. ஒரு ஆளை அலுவலகத்துக்குக் கொண்டுபோக எதற்கு இவ்வளவு எடை? ஜப்பானில் கேய் கார் என்று ஒரு சின்னக் கார் வகை உண்டு. அதற்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சிசி. இதற்குள்தான் இருக்க வேண்டும், பதிலுக்கு வரிச்சலுகை உண்டு. அங்கே விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வகைதான். மற்ற நாடுகளும் இப்படி ஒரு அளவை வைத்து, அதற்குள் மின்சாரக் கார் செய்யுங்கள் என்று நிறுவனங்களிடம் சொல்ல வேண்டும்.