கொப்பரை குப்பை இல்லை

எண்ணெய் ஆட்டுவதற்காக அம்மா எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காயவைத்திருந்த தேங்காய்க் கொப்பரையை ஞாயிற்றுக்கிழமை குப்பை என்று அள்ளிப் போட்டுவிட்டார்கள். அதை அன்றைக்கே எழுதியிருந்தேன். இரண்டு நாளாக வரும் பதில்களைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். பாதிப் பேர் "விடுங்க, தேங்காய் விஷயம்தானே" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

மொட்டை மாடி காயப்போடுவதற்குத்தான். மடிப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்தப் பதினெட்டு வருஷத்தில் அங்கே வடாம் காய்ந்திருக்கிறது, மோர்மிளகாய் காய்ந்திருக்கிறது, பிள்ளைகளின் யூனிஃபார்ம் காய்ந்திருக்கிறது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பாயில் கொப்பரை காய்ந்தது குடியிருப்புக்கே அசிங்கமாகிவிட்டதாம். சரி, அசிங்கம் என்றால் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறோம். தட்டவில்லை. கறுப்புப் பையில் அள்ளிக் கட்டி, கீழே குப்பைத் தொட்டியோரம் வைத்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு "மாடி சுத்தம் செய்யப்பட்டது" என்று செய்தி. அதற்குப் பதினோரு பேர் கைதட்டல்.

அந்தப் பையில் இருந்தது எண்பது தேங்காய். அது காய்கிற விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடைத்துத் தண்ணீரை வடித்து, மூடிகளை வானம் பார்க்க அடுக்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் பருப்பு சுருங்கி கொட்டாங்குச்சியை விட்டு விலகும். கத்தி முனையால் நெம்பினால் கிண்ணம் மாதிரி கழன்று வரும். அதைக் கீறிப் போட்டு இன்னும் நாலைந்து நாள். சென்னையில் சாயங்காலக் காற்று ஈரத்தோடு வருவதற்குள் கீழே இறக்கிவிட வேண்டும். ஒரு ராத்திரி பனி பட்டாலும் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் காறிப்போகும். அம்மா தினமும் ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பார். வளைந்தால் இன்னும் ஒரு நாள். டக்கென்று முறிந்தால் செக்குக்குப் போகலாம். சனிக்கிழமை சாயங்காலம் டக்கென்று முறிந்தது. ஞாயிறு ஒரு வெயில் காட்டிவிட்டு திங்கள் கொண்டுபோவதாக இருந்தோம். பதினோரு கிலோவாவது தேறியிருக்கும். அதில் ஏழு கிலோ எண்ணெய்.

"கடையில் வாங்கினால் என்ன?" வாங்கலாம். யாரும் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைக் கொப்பரைக்குப் பூஞ்சை வராமலிருக்க கந்தகப் புகை போடுகிற வழக்கம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக் கொப்பரைக்கு வெயில் மட்டும்தான். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது இதே குழுவில் இருப்பவர்கள் எங்கள் கதவைத் தட்டி ஆளுக்கு அரை லிட்டர் வாங்கிப் போனார்கள். "உங்க அம்மா கை எண்ணெய் மணமே தனி" என்றவர் பெயரும் அந்தப் பதினோரு பேரில் இருக்கிறது. அன்றைக்கு மணம், இன்றைக்கு நாற்றமா?

எலி வரும் என்கிறார்கள். ராத்திரி மாடியில் ஒரு துண்டுகூட வைப்பதில்லை, எலி எதற்கு வரும்? காக்கா கொத்திப் போடும் என்கிறார்கள். பழைய கொசுவலையைப் போர்த்தி நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தோம். போன மாதம் பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து மாடி முழுக்கக் கேக்கும் காகிதத் துணுக்கும் மூன்று நாள் கிடந்ததே, அதை யாராவது பையில் அள்ளிப் படம் போட்டார்களா?

ஒருவர் தேங்காய் எண்ணெயில் கொழுப்பு, இதயத்துக்கு ஆகாது என்று பாடம் எடுத்திருக்கிறார். அதில் நிறைகொழுப்பு அதிகம்தான், டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டில் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். இது தலைக்கும், அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டிக்கும். அதற்கும் மாடியில் இருந்ததைக் குப்பையில் போட்டதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொருவர், "வயசானவங்களை எதுக்கு மாடி ஏற விடறீங்க?" என்று கேட்டிருந்தார். இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அம்மா பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் வந்து போய்விட்டது. எங்கள் கொல்லையில் அறுபத்திரண்டு தென்னை. காலையில் நின்றது ஒன்பது. அம்மா அழவில்லை. விழுந்த மரங்களின் மேல் கை வைத்துக்கொண்டே கொல்லையின் கடைசி வரை நடந்து போய் வந்தார். அப்பா இறந்தபிறகு இங்கே அழைத்து வந்தேன். கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம், நான் இருந்து பார்ப்பேனா என்று அப்போது கேட்டார். வருஷத்துக்கு ஒரு தரம் அந்த ஒன்பது மரத்துக் காயை மாமா மகன் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். அதை உடைத்துக் காயவைத்து ஆட்டி எடுக்கிற பத்து நாள்தான் அம்மா இந்த ஊரில் தன் வேலையைத் தான் பார்ப்பதாக நினைக்கும் நாட்கள். முழங்கால் வலியோடு மாடி ஏறுவார். நான் தடுத்ததில்லை, தடுக்கவும் மாட்டேன்.

பையைப் பிரித்தபோது உள்ளே யார் வீட்டுச் சாம்பாரோ கொட்டியிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் துணியில் துடைத்துப் பிரித்தார். "ஏன்டி, சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்டால் "பொதுவா எல்லாருக்கும் போட்ட விதிதான் மேடம்" என்கிறார். அந்த விதி எந்தக் கூட்டத்தில் போட்டது என்று கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை. எனக்கு மன்னிப்புகூட வேண்டாம். அம்மாவிடம் வந்து, அது குப்பை இல்லை என்று சொன்னால் போதும்.

பொறுக்கியதில் நாலு கிலோ தேறியது. எங்கள் பக்கத்துச் செக்கில் பத்து கிலோவுக்குக் குறைந்தால் போட மாட்டார்கள். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நங்கநல்லூர் பக்கம் யாரிடமாவது வீட்டில் காய்ந்த கொப்பரை ஆறு கிலோ இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்த்து ஆட்டி எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அம்மா மட்டும் முதலில் உங்கள் கொப்பரையில் ஒரு துண்டை ஒடித்துப் பார்ப்பார்.