தவறாகிப் போகக்கூடிய ஒரு கேள்வி

ஆங்கில இலக்கியத்திலும் மொழியியலிலும் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வருத்தம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. தலைப்பைப் படித்தவுடனேயே முடிவுரையில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு நாவலின் பெயர், ஒரு கோட்பாட்டின் பெயர், இரண்டையும் இணைக்க 'நோக்கில் ஓர் ஆய்வு' என்னும் தொடர். பெண்ணிய நோக்கில் வாசித்தால் அந்த நாவலில் பெண்கள் ஒடுக்கப்படுகிறார்கள். பின்காலனிய நோக்கில் வாசித்தால் அதே நாவலில் அடையாளச் சிக்கல் தென்படுகிறது. உளப்பகுப்பாய்வு நோக்கில் வாசித்தால் எல்லாவற்றுக்கும் நாயகனின் குழந்தைப் பருவம் காரணமாகிறது. இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் இத்தனை பக்கங்கள் எழுதியபின் கிடைக்கும் விடை, எழுதத் தொடங்கும் முன்பே கையில் இருந்த விடைதான் என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்த மாணவர் எதைத்தான் தேடினார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கோட்பாடுகள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. அவை இல்லாமல் பார்க்கவே முடியாத பலவற்றை அவைதான் எனக்குக் காட்டின. நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். ஓர் ஆய்வுக் கேள்விக்கு 'இல்லை' என்ற விடையும் வரக்கூடும் என்ற நிலை இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'ஆம்' என்றே பதில் சொல்லும் கேள்வியை எவ்வளவு உழைத்து ஆராய்ந்தாலும் அது விளக்கவுரையாகத்தான் முடியும். என் முதுகலை ஆய்வேட்டில் நானும் இதையே செய்தேன். கோட்பாட்டை முதலில் தேர்ந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் நாவலைப் பிறகு தேடினேன். வாய்மொழித் தேர்வில், என் கருத்துக்கு எதிராக நிற்கும் ஒரு பத்தியையாவது அந்த நாவலிலிருந்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அப்படி ஒரு பத்தியைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. பதில் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த அமைதியை இன்றும் மறக்கவில்லை.

மாணவர்களிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். இந்தத் துறையைத் திருப்பிப்போட்ட ஆய்வுகளில் பல மாணவர்கள் செய்தவைதான் என்பதே என் பதில். வில்லியம் லபோவ் தொழிற்சாலை வேதியியலாளராக வேலை பார்த்துவிட்டு மொழியியல் படிக்க வந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக அவர் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு என்ற சிறு தீவில் வாழ்வோர் இரண்டு ஈருயிர்களை ('ஐ', 'ஔ' போல இரு உயிரொலிகள் இணைந்து ஒலிப்பவை) ஒலிக்கும் விதம் மட்டுமே. 69 பேரிடம் பேசிப் பதிவு செய்தார். கோடைக்கால விருந்தினர்களால் நிரம்பிவழிந்த அந்தத் தீவில், ஊரை விட்டுப் போக விரும்பாதவர்களிடம் பழைய ஒலிப்பின் சாயல் மிகுந்திருந்தது. வெளியேற நினைத்தவர்களிடம் குறைந்திருந்தது. ஓர் உயிரொலியின் அசைவுக்குள் ஒரு மனிதர் தன்னை எந்த மண்ணுக்கு உரியவராகக் கருதுகிறார் என்ற செய்தி அடங்கியிருப்பதை 1963-இல் வெளியான அந்தக் கட்டுரை காட்டியது.

அடுத்து முனைவர் பட்ட ஆய்வின் முன்னோட்டமாக நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்கு அவர் போன கதை மொழியியல் மாணவர் எல்லோருக்கும் தெரிந்தது. நான்காம் தளத்தில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளரிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாதவர்போல மறுபடி கேட்பார். இம்முறை சற்று அழுத்திச் சொல்வார்கள். சில அடி தள்ளிப்போய், அந்த இரு சொற்களிலும் 'ர்' ஒலித்ததா இல்லையா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 264 பேர், அவ்வளவுதான். விலையுயர்ந்த அங்காடியில் 62 விழுக்காட்டினரும், நடுத்தர அங்காடியில் 51 விழுக்காட்டினரும், மலிவான அங்காடியில் 20 விழுக்காட்டினரும் 'ர்' ஒலியை எங்காவது ஓரிடத்தில் ஒலித்தார்கள். இதில் என்னை ஈர்ப்பது, இந்த ஆய்வு முழுமையாகத் தோற்றிருக்கலாம் என்பதே. மூன்று அங்காடிகளிலும் ஒரே எண்ணிக்கை கிடைத்திருந்தால் சமூக அடுக்கும் ஒலிப்பும் இணைந்து நகர்கின்றன என்ற கருதுகோளை அவர் அன்றே கைவிட வேண்டியிருந்திருக்கும்.

ஜீன் பெர்க்கோ தன் முனைவர் பட்ட ஆய்வில், தானே வரைந்த ஒரு விசித்திரப் பறவையின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, இதன் பெயர் 'வக்', இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது, ஆக இரண்டு என்ன இருக்கின்றன என்று கேட்டார். அப்படி ஒரு சொல்லைக் குழந்தைகள் எங்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் சரியான பன்மை வந்தது; ஆகவே அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை, விதியை அறிந்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. அதைவிட நுட்பமான பகுதி இது: 'கிளாஸ்' என்ற சொல்லின் பன்மையைச் சரியாகச் சொன்ன குழந்தைகளில் பலர், அதே ஓசையில் முடியும் 'டாஸ்' என்ற புதுச்சொல்லின் பன்மையில் தடுமாறினார்கள். விதி எங்கே நிற்கிறது, எங்கே இன்னும் வந்து சேரவில்லை என்பதை அந்தத் தடுமாற்றம்தான் சொன்னது. 1958-இல் வெளியான இந்த ஆய்வை இன்றும் முதல் ஆண்டு வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். இலக்கியப் பக்கமும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்த வில்லியம் எம்ப்சன், தன் ஆசிரியரான ஐ. ஏ. ரிச்சர்ட்ஸுக்காக மாணவராக எழுதத் தொடங்கியதுதான் கவிதையின் பலபொருண்மையைப் பற்றி 1930-இல் வெளிவந்த அந்தப் புகழ்பெற்ற நூல். அப்போது அவருக்கு 24 வயது.

மூவரிடமும் பொதுவாக இருந்தது ஒரு சிறிய பொருளை நெடுநேரம் பார்க்கும் பொறுமை. அந்தப் பொறுமை ஓர் இலக்கிய மாணவரை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு அண்மையில் என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. 'தௌ' என்பது ஏறக்குறைய நம் 'நீ'. 'யூ' என்பது ஏறக்குறைய நம் 'நீங்கள்'. இன்றைய பொது ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதை அடிக்குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். தமிழ் பேசுபவருக்கோ, ஒருவர் 'நீ'யிலிருந்து 'நீங்கள்' என்பதற்குத் தாவும்போது உள்ளே ஏதோ நிகழ்ந்துவிட்டது என்பது சொல்லாமலே புரியும். அந்த மாணவி இந்தக் காதோடு ஹாம்லெட் நாடகத்தை வாசித்து, கோபம் மூளும்போது பாத்திரங்கள் 'யூ'வைக் கைவிட்டு 'தௌ'வுக்கு இறங்குவார்கள் என்ற கருதுகோளுடன் என்னிடம் வந்தார்.

மூன்றாம் அங்கத்தில், தாயின் அறைக்குள் ஹாம்லெட் வரும் காட்சியிலேயே அந்தக் கருதுகோள் உடைந்தது. தந்தை இறந்தபின் தாய் அவருடைய தம்பியை மணந்திருக்கிறாள்; அவள் 'தந்தை' என்பது இந்தப் புதுக் கணவனை, மகன் 'தந்தை' என்பது இறந்துபோனவரை. உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று தாய் 'தௌ' சொல்லித் தொடங்குகிறாள். என் தந்தையை நீங்கள் மிகவும் புண்படுத்திவிட்டீர்கள் என்று மகன் 'யூ' சொல்லித் திருப்பியடிக்கிறான். சொற்கள் ஏறத்தாழ அதே சொற்கள். ஆனால் பதிலிப்பெயர் சுட்டும் தொலைவு மாறிவிட்டது. உடனே தாய் தன் 'தௌ'வை விட்டுவிட்டு, வெறும் பேச்சு பேசுகிறீர்கள் என்பதுபோல 'யூ'வுக்குப் போகிறாள். அவளுடைய கோபம் அவளை இறங்கச் செய்யவில்லை, விலகச் செய்தது. பிறகு மகனின் சொற்கள் அவளை நொறுக்கியதும், என் கண்களை என் ஆன்மாவுக்குள்ளேயே திருப்பிவிட்டாய் என்று அவள் மீண்டும் 'தௌ'வுக்குத் திரும்புகிறாள். தந்தையின் ஆவியோடு ஹாம்லெட் பேசும்போது, அந்த ஆவி அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பித்துப் பிடித்தவனாகத் தோன்றும் மகனிடம் மறுபடி 'யூ'. காட்சியின் முடிவில், அவன் சொன்னதை யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று உறுதி கொடுக்கும்போது மீண்டும் 'தௌ'. ஒரு தாய் மகனிடமிருந்து விலகுவதும் நெருங்குவதுமான முழு வரைபடம் இந்தச் சின்னஞ்சிறு சொற்களில் கிடக்கிறது. இதை அந்த மாணவி கண்டபோது தன் ஆய்வே போய்விட்டது என்று கலங்கினார். ஆய்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று நான் சொன்னேன்.

இந்த வாசிப்பு இலக்கியமா, மொழியியலா? இந்தக் கேள்வியே எனக்கு ஏற்புடையதன்று. ஒரே துறைக்குள் இலக்கியம் படிப்பவர்கள் மொழியியலை இலக்கணப் பயிற்சி என்று ஒதுக்குவதும், மொழியியல் படிப்பவர்கள் இலக்கியத்தைச் சான்றில்லாத ரசனை என்று தள்ளுவதும் மாணவர்களுக்குத்தான் நட்டம். ஜான் பர்ரோஸ் 1987-இல் ஜேன் ஆஸ்டினின் நாவல்களை எடுத்துக்கொண்டு, வாசகர் கண்ணில் படாமலே கடந்துபோகும் மிகச் சாதாரணமான இடைச்சொற்களையும் பதிலிப்பெயர்களையும் எண்ணினார். ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சும் இவற்றின் விகிதத்திலேயே தனித்து நிற்பதைக் காட்டினார். 1960-களில் 500 மாதிரிகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைச் சேர்த்து பிரௌன் தரவகத்தை (மொழி ஆய்வுக்காகத் திரட்டிய சொற்தொகுப்பு) உருவாக்கியவர்களுக்கு அது பெரும் உழைப்பு. இன்று பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஒரு மாணவர் தன் மேசையிலிருந்தே தேடலாம். ஆண்ட்கான்க் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு தன் நாவலுக்குத் தானே சொல்லடைவு, அதாவது ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்னும் பட்டியல், தயாரித்துக்கொள்ளலாம். எண்ணிக்கை தானாகப் பொருள் சொல்லாது என்பதும் உண்மைதான். ஒரு சொல் நாற்பது முறை வருகிறது என்று அட்டவணை போட்டு நிறுத்திவிடும் ஆய்வேடுகளும் என்னை அதே அளவு வருத்துகின்றன. அந்த நாற்பது இடங்களையும் திறந்து படித்தால்தான் அது ஆய்வு.

படிப்பதற்கு முன் எதைப் படிக்கிறோம் என்று தெரிய வேண்டும். எந்தப் பதிப்பு என்ற கேள்வியை மாணவர்கள் அச்சக விவரமாக நினைக்கிறார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் நாவலின் 1818-ஆம் ஆண்டுப் பதிப்பில் எலிசபெத் விக்டருக்கு அத்தை மகள். 1831-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த குழந்தை. அந்நாவலின் குடும்ப உறவுகளைப் பற்றி ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதிவிட்டு, இணையத்தில் கிடைத்த பிரதி எந்த ஆண்டுக்குரியது என்றே தெரியாமல் இருப்பவரின் வாதம் எதன்மேல் நிற்கிறது? ஹாம்லெட்டுக்கும் மூன்று பழைய அச்சுகள் உண்டு. 1603-ஆம் ஆண்டின் முதல் குவார்ட்டோ என்னும் சிறு அளவு அச்சுப் பதிப்பில், 'இருப்பதா இல்லாது போவதா' என்ற உலகறிந்த வரி, 'அதுதான் கேள்வி' என்று முடியாமல் 'ஆம், அதுதான் விஷயம்' என்று முடிகிறது.

மேற்கோள் பட்டியலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கும் இல்லாத கட்டுரைகளை இருப்பவைபோல ஆசிரியர், ஆண்டு, பக்க எண் சகிதம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தருகின்றன. அவற்றை அப்படியே ஒட்டிய ஆய்வேடு ஒன்று என் மேசைக்கும் வந்தது. கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். மூன்று கட்டுரைகளை உண்மையாகப் படித்தவரின் பட்டியலை, அறுபது தலைப்புகளை அடுக்கியவரின் பட்டியலைவிட நான் உயர்வாக மதிப்பேன்.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. சிறிய கேள்வியோடு வரும் மாணவரை, இது ஆய்வேட்டுக்குப் போதாது, இன்னும் பெரிதாக எடுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புபவர்கள் நெறியாளர்களாகிய நாங்கள்தான். கருதுகோள் நிறுவப்படவில்லை என்று முடிவுரையில் எழுத மாணவர் அஞ்சுவதற்கும் நாங்களே காரணம், ஏனென்றால் அப்படி எழுதிய ஆய்வேட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம் என்று நாங்கள் ஒருபோதும் அவர்களுக்குச் சொன்னதில்லை. இதை நான் இப்போது முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவி தன் கருதுகோளைத் திருத்தி எழுதிவிட்டார். தற்போது ஷேக்ஸ்பியரின் கோரியலேனஸ் நாடகத்தில் வோலம்னியா தன் மகனிடம் பேசும் காட்சிகளை எல்லாம் தாளில் படியெடுத்து, ஒவ்வொரு 'தௌ'வையும் 'யூ'வையும் வேறுவேறு மையால் கோடிட்டுவருகிறார். ஹாம்லெட்டின் தாயிடம் கண்டது இந்தத் தாயிடமும் கிடைக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்தத் தாள்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.